எதிரே வருபவரின் கண்

இரவு வேளை. ஒடுங்கிய சாலையொன்றிலே இரண்டு மோட்டார் வண்டிகள் எதிரெதிரே வருகின்றன. ஒரு சாரதியின் முகத்தை மற்றவர் அறியார். வண்டியின் நிறத்தையோ, உருவத்தையோ, அதில் இருப்போரின் தொகையையோகூட அறியார். ஒருவரைப் பற்றி மற்றவர் அறிந்துகொள்வதெல்லாம் விளக்கொன்றினாலேயே. அவ்விளக்கு மங்கினால் ஆபத்து; மிஞ்சினாலும் ஆபத்து. வண்டியின் இயந்திரமும் இருக்கையும் சில்லுகளும் அதன் சொந்தக்காரருக்குப் பயன்படுவன. விளக்கோ பாதிக்கு மேல் பிறருக்கு உரியது. வண்டிக்குள் இருந்து பார்ப்பவர் அதன் குற்றத்தைக் காணமாட்டார். எதிரே நிற்பவரே காண்பார்.

இந்தச் சிறிய உண்மை, பெரியதொரு நிறுவனத்துக்கு 2025ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்தில் நினைவூட்டப்பட்டது. ஐக்கிய அமெரிக்காவில் டெஸ்லா நிறுவனம் செய்து விற்ற 'சைபர்ட்ரக்' என்னும் மின்சார வண்டிகளில் 63,619 வண்டிகள் குறைபாடுடையன என அறிவிக்கப்பட்டு, மீளழைப்புக்கு உள்ளாயின. குறை மின்கலவடுக்கில் அன்று, மோட்டாரிலும் அன்று. முன்புறத்திலே உள்ள தரிப்பு விளக்குகள், சட்டம் அனுமதித்த அளவுக்கு மேலாக ஒளி வீசின என்பதே குறை. தரிப்பு விளக்கு என்பது வண்டியின் விளக்குகளுள் மிக எளிய ஒன்று. வழியைக் காட்டுவது அதன் வேலையன்று. 'இங்கே ஒரு வண்டி உண்டு' என்று சொல்வது மாத்திரமே அதன் வேலை. 2023 நவெம்பர் முதல் 2025 ஒக்டோபர் வரை, ஏறக்குறைய இரண்டு ஆண்டுகளாகச் செய்யப்பட்ட வண்டிகள் அனைத்தும் இக்குறையோடு சாலையில் ஓடியிருக்கின்றன. இதனால் விபத்து எதுவும் நேர்ந்ததாகத் தாம் அறியவில்லை என்று நிறுவனம் தெரிவித்தது.

இது எவ்வாறு நேர்ந்தது? புதிய வண்டியொன்றை விற்பனைக்கு விடுமுன் எத்தனையோ சோதனைகள் நடைபெறுகின்றன அல்லவா? இவ்வினாவுக்கு விடை காண, அந்த வண்டியின் கதையையும் விளக்குப் பிரமாணத்தின் கதையையும் சேர்த்துப் பார்த்தல் வேண்டும்.

முன்னே ஆட்களுக்கு இருக்கையும் பின்னே பொருள் ஏற்றத் திறந்த தட்டும் கொண்ட வண்டியைப் 'பிக்கப்' என்று வழங்குவர். அமெரிக்கரின் வாழ்க்கையில் இவ்வகை வண்டிக்குத் தனி இடம் உண்டு. கமக்காரரும் தச்சரும் மாத்திரமன்றி, பாரமே ஏற்றாத நகரவாசிகளும் அதனை விரும்பி வாங்குவர். 2019ஆம் ஆண்டு நவெம்பர் 21ஆம் திகதி, கலிபோர்னியாவிலுள்ள ஹோதோர்ன் என்னும் இடத்தில், டெஸ்லா நிறுவனம் தன் பிக்கப்பின் மாதிரியை மக்கள்முன் நிறுத்தியது. கறைபடாத உருக்கினால் ஆன, வளைவுகள் அற்ற, முக்கோணம் போன்ற உருவம். அதன் கண்ணாடி உடையாது என்று காட்டுவதற்காக உலோகக் குண்டு ஒன்றை எறிந்தபோது கண்ணாடி வெடித்துவிட்டது. உலகம் முழுவதும் அக்காட்சியைப் பார்த்துச் சிரித்தது. ஆனால் விளக்கில் ஆர்வமுள்ளோர் வேறொன்றைக் கவனித்தனர். முகப்பின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை நூலிழைபோல ஓடிய ஒரே ஒளிக்கோடு. பக்கங்களிலே பின்பார்க்கும் கண்ணாடிகள் இல்லை. பார்வைக்கு அழகுதான். எனினும் அந்த உருவத்தில் அவ்வண்டியை விற்க அமெரிக்கச் சட்டம் இடங்கொடாது. மேடையில் நிற்கும் வண்டி வேறு. சாலையில் ஓடும் வண்டி வேறு. முன்னது பின்னதாவதற்கு நான்கு ஆண்டுகள் சென்றன. 2021இல் வரும் என்று சொல்லப்பட்ட வண்டி, 2023 நவெம்பர் 30ஆம் திகதியே டெக்சாஸ் மாநிலத்து ஒஸ்டின் நகரில் முதற் சொந்தக்காரர் கைக்குச் சென்றது. அப்பொழுது அதற்குப் பக்கக் கண்ணாடிகள் வந்துவிட்டன; ஒளிக்கோட்டுக்குக் கீழே, உண்மையாக வழிகாட்டும் முன்விளக்குகள் தனியாக அமைக்கப்பட்டிருந்தன.

அமெரிக்க விளக்குச் சட்டத்தின் வரலாறு விசித்திரமானது. 1940ஆம் ஆண்டு முதல் அந்நாட்டின் கார்களெல்லாம் ஒரே அளவான, ஏழு அங்குல விட்டமுள்ள, வட்டமான முன்விளக்குகளையே பூண்டிருந்தன. கண்ணாடியும் இழையும் ஒன்றாக அடைத்து மூடப்பட்ட விளக்கு அது. எந்த ஊரிலே பழுதானாலும் அங்குள்ள கடையிலே அதே விளக்கு கிடைக்கும் என்பது அதன் நன்மை. ஆனால் இந்த ஒழுங்கு பிற்காலத்தில் ஒரு விலங்காகவும் ஆயிற்று. 1967இல் பிரெஞ்சு நாட்டுச் சித்ரோயன் கார் ஒன்றில், சுக்கானைத் திருப்பும் பக்கம் தானும் திரும்பும் விளக்கு, கண்ணாடி மூடியினுள்ளே அமைக்கப்பட்டது. வளைவான சாலைகளில் அதன் பயன் பெரிது. அமெரிக்காவுக்கு அனுப்பிய கார்களிலோ அதனை நீக்கிவிட்டு, திரும்பாத சாதாரண விளக்கையே வைக்க நேர்ந்தது. 1983இல்தான் உள்ளே குமிழை மாற்றக்கூடிய வேறு உருவமுள்ள முன்விளக்குகளுக்கு அமெரிக்காவிலே அனுமதி பிறந்தது.

மாநிலந்தோறும் வேறுபட்டிருந்த விதிகளை ஒன்றாக்கியது 1966ஆம் ஆண்டின் மோட்டார் வாகனப் பாதுகாப்புச் சட்டம். அச்சட்டத்தின்கீழ்ப் பிறந்த பிரமாணங்களுள் 108ஆம் இலக்கமுடையதே விளக்குப் பிரமாணம். முதலில் 80 அங்குலமும் அதற்கு மேலும் அகலமுள்ள பெரு வண்டிகளுக்கு 1968 ஜனவரியிலும், ஏனைய வண்டிகளுக்கு ஓராண்டு கழித்தும் அது நடைமுறைக்கு வந்தது.

இப்பிரமாணத்தைப் படிப்போர் அதனை ஒரு மொழியின் இலக்கணம் என்றே எண்ணுவர். முன்னே வெள்ளை; பின்னே சிவப்பு; பக்கத்தில் முன்பகுதிக்குச் செம்மஞ்சள், பின்பகுதிக்குச் சிவப்பு. இருளில் குறுக்கே நிற்கும் வண்டியைப் பக்கவாட்டிலிருந்து காண்பவர், அதன் தலை எப்பக்கம், வால் எப்பக்கம் என்பதை இந்நிறங்களைக்கொண்டே அறிவார். 1970 முதல் பக்க விளக்கு மாத்திரம் போதாது, ஒளிதெறிப்பியும் வேண்டும் என்றாயிற்று. விளக்கு எரியாது போயினும், பிறர் விளக்கின் ஒளியையாவது அது திருப்பிக் காட்டும். முன்விளக்கு நிலத்திலிருந்து 22 அங்குலத்துக்குக் கீழும் 54 அங்குலத்துக்கு மேலும் இருத்தலாகாது. 80 அங்குலத்துக்கு மேற்பட்ட அகலமுள்ள வண்டியானால், அந்த அகலத்தை அறிவிக்க ஓரங்களிலே விளக்குகளும், நடுவிலே நெருக்கமாக மூன்று விளக்குகளும் வேண்டும். போர்ட் நிறுவனத்தின் 'ராப்டர்' என்னும் பிக்கப்பின் முகப்பிலே மூன்று செம்மஞ்சட் புள்ளிகள் மின்னுவதைப் பலர் அலங்காரம் என்று கருதுகின்றனர். அது அலங்காரமன்று; அவ்வண்டி 80 அங்குலத்தைத் தாண்டிவிட்டது என்பதன் அடையாளம். அலங்காரம் என்று எண்ணி, ஒடுக்கமான வண்டிகளிலும் அவற்றைப் பூட்டிக்கொள்வோர் உண்டு. பொய் சொல்லும் விளக்கு அது.

விளக்கு விதிகள் அலுவலகத்தில் இருந்து கற்பனை செய்யப்பட்டவை என்று நினைத்தல் தவறு. காரின் பின்கண்ணாடி உயரத்தில், நடுவிலே எரியும் மூன்றாவது பிறேக் விளக்கின் கதை இதற்குச் சான்று. 1974இல் சான் பிரான்சிஸ்கோ நகரில் ஓர் உளவியலாளர், 343 வாடகைக் கார்களுக்கு நடுவே ஒரு மேலதிக விளக்கைப் பூட்டினார். வேறு 160 கார்களை அவ்விளக்கு இன்றி ஓடவிட்டார். சாரதிகள் அதே நகரத்துச் சாரதிகள். சாலைகளும் அதே சாலைகள். விளக்குப் பூட்டிய கார்களைப் பின்னாலிருந்து பிற வண்டிகள் மோதும் விபத்துகள் நூற்றுக்கு அறுபது வீதம் குறைந்திருந்தன. அரசாங்கம் மேலும் பெரிய சோதனைகளை நடத்தி, 1986ஆம் ஆண்டு மாதிரிக் கார்கள் முதல் அதனைக் கட்டாயமாக்கியது. பிக்கப் முதலிய சிறு பார வண்டிகளுக்கு 1994ஆம் ஆண்டு மாதிரிகள் முதல் வந்தது. ஆனால் எல்லாக் கார்களுக்கும் அவ்விளக்கு வந்த பின், நன்மை சுருங்கியது. புதுமை கண்ணை இழுக்கும். பழகிய பின் இழுப்புக் குறையும். ஈற்றில் பின்மோதல்களில் ஏறத்தாழ 4.3 வீதக் குறைவே நிலைத்தது எனப் பிற்கால ஆராய்ச்சி கணக்கிட்டது. நான்கு வீதம் சிறிதென்று தள்ளற்க. மலிவான ஒரு விளக்கு, ஆண்டுதோறும் பல்லாயிரம் மோதல்களைத் தடுக்கிறது. சோதனையின் முதற் பெறுபேற்றைக் கண்டு மயங்காமலும், பிந்திய பெறுபேற்றைக் கண்டு வெறுக்காமலும் அவ்விதி காக்கப்பட்டமை பாராட்டத்தக்கது.

இனி, விளக்கைச் சோதிக்கும் முறை. இருண்ட அறையிலே, பல கோணங்களிலும் திரும்பக்கூடிய பீடமொன்றில் விளக்கைப் பொருத்துவர். முன்விளக்கானால், 18.3 மீற்றருக்குக் குறையாத தூரத்தில் ஒளியை அளக்கும் கருவி இருக்கும். பீடத்தைச் சிறிது சிறிதாகத் திருப்பி, குறித்த புள்ளிகள் ஒவ்வொன்றிலும் எத்தனை கண்டெலா என்று அளப்பர். முன்னோர் மெழுகுதிரி வலு என்று சொன்ன அளவே இக்காலத்தில் கண்டெலாவாக வழங்குகிறது. சில புள்ளிகளுக்கு 'இதற்குக் குறையாதே' என்றும், வேறு சில புள்ளிகளுக்கு 'இதற்கு மிஞ்சாதே' என்றும் விதி உண்டு. மிஞ்சாதே என்னும் புள்ளிகளுட் பல எதிரே வருபவரின் கண் இருக்கும் இடத்தை ஒட்டியவை.

ஒளி சரியாயிற்று என்றால் வேலை முடிந்ததன்று. முன்விளக்கை அதிர்விப்பர், உப்பு மூடுபனியில் வைப்பர், பெற்றோல், தார் நீக்கும் திரவம் முதலியவற்றால் துடைப்பர். பெட்டியொன்றினுள் வைத்து நுண்ணிய சீமெந்துத் தூளை வாரி வீசி, அதன் பின்னும் ஒளி பத்து வீதத்துக்கு மேல் குறையவில்லையா என்று பார்ப்பர். விளக்கின் மூடிக்குப் பயன்படும் பிளாஸ்டிக்கை அரிசோனாவின் வறண்ட வெயிலிலும், புளோரிடாவின் ஈரமான வெயிலிலும் மூன்று ஆண்டுகள் திறந்த வெளியில் கிடத்தி வைப்பர். அவசரமான உலகத்திலே மூன்று ஆண்டு காத்திருக்கும் ஒரு சோதனை இன்னும் உண்டு என்பது வியப்பே.

தனித்தனி உறுப்புகள் தேறிய பின் முழு வண்டி தேற வேண்டும். அதற்காகவே விற்பனைக்கு முந்திய மாதிரி வண்டிகளைக் குளிரிலும் வெயிலிலும் மலையிலும் ஓட்டுகின்றனர். ரிவியன் என்னும் அமெரிக்க நிறுவனத்தின் மின்சாரப் பிக்கப் 2021 செப்டெம்பரில் இலினோய் மாநிலத்து நோர்மல் நகரத் தொழிற்சாலையிலிருந்து வெளிவரத் தொடங்கியது. அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே, 2019இல், கையாற் செய்யப்பட்ட முதல் இரண்டு வண்டிகள், தென் அமெரிக்காவின் தென் கோடியிலுள்ள உஷுவாயா நகரிலிருந்து லொஸ் ஏஞ்சலிஸ் வரை, அந்தீசு மலைகளினூடாக ஏறத்தாழ 13,000 மைல் ஓடின. இரண்டு நடிகர்கள் மின்சார மோட்டார் சைக்கிளில் சென்ற பயணத்தைப் படம் பிடிக்கும் குழுவுக்குத் துணையாக அவை சென்றன.

விதிக்கு முற்றும் அமையாத மாதிரி வண்டியைப் பொதுச் சாலையில் ஓட்டலாமா என்று நேயர்கள் வினவக்கூடும். 2015 டிசெம்பரில் நிறைவேறிய அமெரிக்கச் சட்டமொன்று, முன்பே பிரமாணத்துக்கு அமைந்த வண்டிகளைச் செய்து வந்த நிறுவனங்களுக்கு, சோதனைக்காக மாத்திரம் அந்தச் சலுகையை அளித்தது. அவ்வாறு ஓடிய வண்டியைப் பின்னர் விற்றல் ஆகாது என்பது நிபந்தனை.

இவ்வளவு சோதனைகளுக்கும் முடிவாக, 'தேறியது' என்று கையொப்பமிடுபவர் யார்? இங்கேதான் அமெரிக்காவும் ஐரோப்பாவும் பிரிகின்றன. 1958இல் ஜெனீவாவில் எழுந்த உடன்பாட்டின் வழி நிற்கும் நாடுகளில், புதிய வகை விளக்கை அல்லது வண்டியை அரசாங்கத்தின் அங்கீகாரம் பெற்றோர் முன்கூட்டியே சோதித்து அனுமதி வழங்க வேண்டும். அமெரிக்காவிலோ, செய்தவரே தம் வண்டி பிரமாணத்துக்கு அமைந்ததென்று சான்று ஒட்டி விற்பர். தேசிய நெடுஞ்சாலைப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிருவாகம் முன்கூட்டி அனுமதி அளிப்பதில்லை. விற்பனைக்கு வந்தவற்றுள் சிலவற்றை எடுத்துப் பின்னர்ச் சோதிக்கும். மாணவனே விடைத்தாளைத் திருத்திப் புள்ளியும் இட்டுக்கொள்ள, பரிசோதகர் இடையிடையே ஒரு கட்டைப் பிரித்துப் பார்ப்பதை ஒத்தது இம்முறை. இதனை நம்பிக்கை மிக்க முறை என்பாரும் உளர். துணிச்சல் மிக்க முறை என்பாரும் உளர். புதியன விரைவாக வெளிவருவதற்கு இது வழிவிடுகிறது. ஆனால் தவறு வெளிப்படும் வேளையில் அது ஒரு வண்டியில் இருப்பதில்லை, அறுபதினாயிரத்தில் இருக்கும்.

அத்தகைய வழக்கமான பரிசோதனை ஒன்றிலேதான், 2024ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் டெஸ்லா வண்டிகளின் உள்ளே பிறேக் முதலியவற்றுக்கான எச்சரிக்கை எழுத்துக்கள் விதித்த அளவினும் சிறியவை என்று கண்டனர். சைபர்ட்ரக் உட்பட, ஏறத்தாழ 22 இலட்சம் வண்டிகள் மீளழைக்கப்பட்டன. எழுத்தின் உயரம் 3.2 மில்லிமீற்றராவது இருத்தல் வேண்டும் என்பது விதி. மில்லிமீற்றர்க் கணக்குக்காக இத்தனை ஆரவாரமா என்று சிலர் நகைத்தனர். பிறேக் பழுதான கணத்தில் அந்த எழுத்தைத் தேடும் முதியவர் ஒருவரின் கண்ணை அவர்கள் நினைத்துப் பார்க்கவில்லை.

2025 ஒக்டோபர் மீளழைப்பில் ஒரு வண்டியேனும் தொழிற்சாலைக்குத் திரும்ப நேரவில்லை என்பது புதுமை. விளக்கின் ஒளியை ஆள்வது மென்பொருள். அதனை வான்வழியே அனுப்பி, வீட்டு வாசலில் நின்ற வண்டிகளிலேயே ஒளியைக் குறைத்தனர். ஆனால் அதே மாதத்தில், அதே வண்டியில் வேறொரு விளக்கும் குறைகூறப்பட்டது. காட்டுப்பாதைக்கென முன்கண்ணாடியின் மேல் ஒட்டப்பட்ட நீண்ட விளக்குச் சட்டம், ஏறத்தாழ 6,200 வண்டிகளில் கழன்று விழக்கூடும் என்று கண்டனர். ஒட்டுமுன் பூசும் மருந்து பொருத்தமற்றது என்பதே காரணம். இதனை வானிலிருந்து சரிசெய்ய முடியாது. கைதேர்ந்த தொழிலாளி ஒருவர் வண்டியைத் தொட்டே ஆகவேண்டும். மென்பொருள் உண்டு, பின்னர்த் திருத்திக்கொள்ளலாம் என்னும் எண்ணம், முன்கூட்டிச் சோதிக்கும் பொறுமையைக் கெடுக்கும் என்று அஞ்சுவோரின் அச்சம் வீணானதன்று.

குளிர்நாட்டுச் சோதனையின் தேவையை இன்னொன்றும் உணர்த்துகிறது. பழைய இழைக்குமிழ் விளக்குகள் வெப்பத்தை முன்னே வீசின. மூடியில் விழுந்த பனி உருகியது. இக்காலத்து ஒளியுமிழ் இருவாயி விளக்குகளின் முகம் அவ்வளவு சூடாவதில்லை. சைபர்ட்ரக்கின் முன்விளக்கு ஒரு விளிம்பின் அடியில் ஒதுங்கி இருப்பதால், ஓடும்போதே அவ்விளிம்பில் பனி குவிந்து ஒளியை மறைத்ததைச் சொந்தக்காரர் சிலர் படம் பிடித்துக் காட்டினர்.

எதிரே வருபவரின் கண் கூசாமலும், தன் வழி மங்காமலும் எரியும் விளக்கு இன்று உண்டு. எதிர்வண்டியைக் கமரா கண்டு, அப்பகுதிக்கு மாத்திரம் ஒளியை நிழலாக்கி, மற்றப் பகுதியை முழு ஒளியில் வைக்கும். ஐரோப்பாவில் 2013இல் ஆடி நிறுவனத்தின் கார்களில் இது ஓடத் தொடங்கியது. உயர்ந்த ஒளி, தாழ்ந்த ஒளி என இரண்டே உண்டு என்று எழுதப்பட்டிருந்த அமெரிக்கப் பிரமாணம் இதற்கு இடங்கொடுக்கவில்லை. அவ்வாண்டே டொயோட்டா நிறுவனம் விண்ணப்பித்தது. அனுமதி 2022 பெப்ரவரியில் வந்தது. ஒன்பது ஆண்டுகள்! அந்த 2022இல் அமெரிக்கச் சாலைகளில் மாண்ட பாதசாரிகள் 7,500க்கு மேற்பட்டோர். நால்வரில் மூவருக்கு மேற்பட்டோர் இருட்டிலே மாண்டனர். எல்லாவற்றுக்கும் விளக்கே காரணம் என்று கூறுதல் பொருந்தாது. ஆயினும் ஒன்பது ஆண்டுத் தாமதத்தை அந்தத் தொகைக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்காமல் இருக்கவும் இயலாது.

மின்சார வண்டி, விளக்குச் சட்டத்துக்குத் தந்த புதிய சிக்கல் ஒன்று இருக்கிறது. பெற்றோல் வண்டியில் வேகத்தை நன்கு குறைக்க வேண்டுமானால் பிறேக்கை மிதிக்க வேண்டும். மிதித்தால் பின்னே சிவப்பு விளக்கு எரியும். மின்சார வண்டியிலோ வேகமிதியிலிருந்து காலைத் தளர்த்தினாலே மோட்டார் மின்பிறப்பாக்கியாக மாறி, வண்டியின் ஓட்டத்தை மின்சாரமாக்கி மின்கலவடுக்குக்கு அனுப்பும். வண்டி விரைவாகத் தளரும். பிறேக் மிதியைக் கால் தொடுவதேயில்லை. அப்பொழுது சிவப்பு விளக்கு எரிய வேண்டுமா? ஐக்கிய நாடுகளின் விதியைத் தழுவிய நாடுகளில் இதற்கு அளவு உண்டு. செக்கனுக்குச் செக்கன், வேகம் 1.3 மீற்றருக்கு மேற்படக் குறையுமானால் விளக்கு எரிந்தே ஆகவேண்டும். 0.7க்கு மேற்படாத மெல்லிய தளர்வானால் எரியலாகாது; இடைப்பட்டதானால் செய்தவர் விருப்பம். அமெரிக்கப் பிரமாணமோ, பிறேக்கை இயக்கும்போது விளக்கு எரிய வேண்டும் என்கிறது. வண்டியைத் தளர்த்தும் வேறு சாதனம் இயங்கும்போது எரியலாம் என்று மாத்திரம் கூறுகிறது.

'வேண்டும்' என்பதற்கும் 'லாம்' என்பதற்கும் உள்ள இடைவெளி சிறு பிள்ளைகளுக்கான இலக்கணப் பாடம் போலத் தோன்றும். 2023இல் நுகர்வோர் நலன் பேணும் அமைப்பொன்று சில மின்சார வண்டிகளைச் சோதித்தபோது, வேகமிதியில் கால் சற்றேனும் பதிந்திருக்கும் வரை, வண்டி ஏறக்குறைய நிற்கும் நிலைக்கு வந்த பின்னும் பின்விளக்கு எரியாதிருந்ததைக் கண்டது. செய்த நிறுவனம் பின்னர் மென்பொருளைத் திருத்தியது. சைபர்ட்ரக் போன்ற பிக்கப்பின் நிறை ஏறத்தாழ மூன்று தொன். அது முன்னே ஓசையின்றித் தளர்வதை, ஈரச் சாலையில் பின்னே வரும் மோட்டார் சைக்கிள்காரர் வேறு எதனால் அறிவார்? அந்த வண்டிகளின் சாரதிகளுக்கு எக்குறையும் தெரிந்திருக்கவில்லை. தம் பின்விளக்கை அவர்கள் ஒருபோதும் பார்ப்பதில்லை.